கரடிக்குட்டி ஏன் முதுகைவிட்டு இறங்குவதில்லை

அந்தக் காலத்தில், விலங்குகளுக்கெல்லாம் பேச்சு இருந்தபோது, பெண்கரடி தன் துணையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மழைநாள் காலையில். தேன் வடியும் அடை ஒன்றை அவள் முன்னால் வைத்துவிட்டு, "நீ தின்னுக்கிட்டு இரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு பார்த்து வெச்சிருக்கேன். எடுத்துட்டு வந்துடறேன்" என்றான்.

அவள் வாய் நிறையத் தேன் இருந்தது. ஆற்றை நோக்கிப் போன அவன் முதுகைத்தான் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து வெள்ளம் அவனை ஒரு மணல்திட்டில் ஒதுக்கியது.

அப்போது அவள் வயிற்றில் இரண்டு குட்டிகள் இருந்தன.

குட்டிகள் பிறந்து, கண் திறந்து, நடக்கத் தொடங்கின. பாலூட்டினாள், நக்கிக் கொடுத்தாள், எல்லாம் செய்தாள். ஆனால் நாக்கு தேனைக் கேட்டுக்கொண்டே இருந்தது. வயிறு நிறைந்திருந்தாலும் கேட்டது. ஆற்றுச் சத்தம் காதில் விழுந்தால் இன்னும் அதிகமாகக் கேட்டது. மரமேறி ஓர் அடையைத் தின்பாள். தின்னும்வரை எதுவும் நினைவில் இருக்காது. தின்று முடித்ததும் எல்லாம் திரும்பி வரும், கூடவே வெட்கமும் வரும். அந்த வெட்கத்தை மறக்க அடுத்த மரத்தைத் தேடுவாள்.

பக்கத்தில் அழுங்கு என்கிற எறும்புத்தின்னி ஒருவன் கறையான் தின்று வாழ்ந்தான். உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது.

"என்ன தங்கச்சி, மூஞ்சியெல்லாம் வீங்கிக் கிடக்கு? தேனீங்க கொஞ்சிச்சா?"

"கேலி பண்ணாதீங்கண்ணே. பசிச்சுது."

"இப்பத்தானே ஒரு கறையான் புத்தையே காலி பண்ணினே? எனக்குக்கூட மிச்சம் வைக்கலை. இது எந்த வயித்துப் பசி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "விடணும்னுதான் பார்க்கிறேன். முடியலையே."

"சரி, போ. ஆனா குட்டிங்களை என்கிட்ட விட்டுட்டுப் போ. நான் சுருண்டு படுத்தேன்னா புலியாலகூடப் பிரிக்க முடியாது. உள்ளே வெச்சுக்கிறேன்."

"ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட வந்து சொல்லிட்டா போகணும்?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

அது அவளால் முடியாது. தேனுக்குப் போகிறேன் என்று இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே. அதனால் தானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். குட்டிகளை மரத்தடியில் விடுவது. அவை ஒரு குரல் கொடுத்தால், வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு இறங்குவது.

"கத்துங்க, அம்மா வந்துடுவேன்" என்று சொல்லிக்கொடுத்தாள்.

முதல் நாள் கத்தின. இறங்கினாள். இரண்டாம் நாளும் இறங்கினாள். தன்மேல் அவளுக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

"பார்த்தீங்களாண்ணே? நாலு வாய்தான். கூப்பிட்டா இறங்கிடறேன்."

"உனக்குக் குட்டிங்க காவல். குட்டிங்களுக்கு யாரு காவல்?" என்றான் அழுங்கு.

ஆறு மறுபடி பெருகிய அன்று ஒரு பெரிய மருதமரத்தில் ஏறினாள். அவ்வளவு பெரிய அடையை அவள் பார்த்ததில்லை. தலையை உள்ளே நுழைத்தாள். தேனீக்கள் காதுக்குள் புகுந்து இரைந்தன.

கீழே செந்நாய்கள் வந்தன. குட்டிகள் சொல்லிக்கொடுத்தபடியே கத்தின. பெரியது நின்ற இடத்தைவிட்டு நகராமல் கத்திக்கொண்டே இருந்தது. கத்தினால் அம்மா வருவாள் என்று அதற்குத் தெரியும். சின்னது கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு, மரத்தைப் பிடித்து ஏறியது.

அடையைக் கடைசிவரை வழித்துத் தின்றுவிட்டுத்தான் அவள் இறங்கினாள். பாதி மரத்தில் சின்னது பட்டையில் நகத்தைப் பதித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே இரத்தமும் கொஞ்சம் கறுப்பு மயிரும் கிடந்தன.

"எப்படா கத்தினீங்க?"

"ரொம்ப நேரம் கத்தினோம்மா."

அவள் அதை நெஞ்சோடு அணைக்கப் போனாள். அது அவள் தோளைத் தாண்டி முதுகுக்குத் தாவி, மயிரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"இறங்குடா. பால் குடிக்க வேணாமா?"

"மாட்டேன். நீ மேலே போயிடுவே."

பசி தாங்காமல்தான் இறங்கிப் பால் குடித்தது. குடித்ததும் மறுபடி ஏறிக்கொண்டது. அழுங்கு வந்து பார்த்தான். கேலி செய்யவில்லை.

அன்று முதல்தான் கரடிக்குட்டிகள் தாயின் முதுகிலேயே ஏறித் திரிகின்றன. பார்ப்பவர்கள் அதைப் பாசம் என்கிறார்கள். தேன் ஆசை கரடியை விட்டுப் போகவில்லை. இப்போதும் அது மரமேறுகிறது. குட்டியும் முதுகில் இருந்தபடியே மேலே போகிறது. தேனீக்கள் இரண்டையும் கொட்டுகின்றன.