மைக்கை மூடிப் பாடியவர் காதை

வில்லை வளைக்காமல், கணையைத் தொடுக்காமல், ஒரு சிறு நகையினாலேயே முப்புரங்களையும் நீறாக்கிய பெருமானே! அந்த நகையில் உள்ள தீயை நீயே வைத்துக்கொண்டு, மிச்சத்தை இக்கதை கேட்போர் இதழ்களுக்கு அருள்வாயாக.

திருமுல்லையோடைச் சிவன் கோயிலில் வெள்ளிதோறும் பதிகம் பாடும் குழு ஒன்று இருந்தது. ஆட்கள் நான்கு பேர். தலைவர் குஞ்சிதபாதம், அரிசி ஆலையில் எடை பார்த்து ஓய்வு பெற்றவர், வெண்கலக் குரல். ஆர்மோனியத்துக்குத் தாயுமானவன். டோலக்குக்குப் பிச்சாண்டி, ஆறடிக்கு மேல் ஓர் அங்குலம். தாளத்துக்கு வன்மீகம், ஐந்தடிக்குக் கீழே ஓர் அங்குலம். எந்தக் கடிதத்தையும் தடுமாறாமல் வாசிக்கக் கூடியவர் வன்மீகம் ஒருவரே என்பதால், குழுவின் அறிவு முழுவதும் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தது.

பதிகத்தில் ஓர் எழுத்தை விழுங்கினாலும் பாவம் என்பது அவர்கள் நெறி. நல்ல நெறிதான். ஆனால் அதை அவர்கள் பதிகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எங்கே எது எழுதியிருந்தாலும் எழுத்துப் பிசகாமல் நடந்தார்கள். பேருந்தில் ‘தலையை வெளியே நீட்டாதீர்’ என்று எழுதியிருந்ததைக் கண்டு, இறங்கினால் தலை வெளியே போய்விடுமே என்று பணிமனை வரைக்கும் போய், இரவு முழுதும் பேருந்துக்குள்ளேயே அமர்ந்திருந்தவர்கள் அவர்கள்.

குஞ்சிதபாதத்துக்கு ஒரே ஓர் ஆசை. தம் குரல் கடல் கடக்க வேண்டும். அதுவோ அந்நாள் வரை ஊர் எல்லை வாய்க்காலைக்கூடக் கடந்ததில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டைப் பூசை மாடத்தில் வைத்து, வெள்ளிதோறும் அதற்குச் சந்தனப் பொட்டு இட்டு வந்தார். உள்ளே ஒரு பக்கத்திலும் ஒரு முத்திரையும் விழவில்லை. அடுத்த தை மாதம் அது காலாவதியாகிறது.

இந்நிலையில்தான் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு சிவன் கோயில் கும்பாபிஷேகத்தில் பதிகம் பாட ஒரு குழு தேவை. சித்திரை பத்தாம் நாள், நம் ஊர் நேரப்படி நண்பகல் பன்னிரண்டுக்கு, வீடியோ கூட்டத்தில் பாடிக் காட்ட வேண்டும். விழாச் செயலாளர் சௌந்தரவல்லி அம்மையார், காணொளியில் நன்றாகத் தெரியவும் கேட்கவும் என்னென்ன செய்ய வேண்டும் என்று குறிப்புகள் எழுதி ஒரு தாளும் வைத்திருந்தார்.

அந்தத் தாளுக்குக் கற்பூரம் காட்டிய பிறகு வன்மீகம் வாசிக்கத் தொடங்கினார்.

“‘வெளிச்சம் முகத்துக்கு நேரே இருக்கட்டும்.’”

“வெளிச்சம்னா சூரியன்தானே?” என்றார் பிச்சாண்டி.

“பின்னே? அவரைவிடப் பெரிய விளக்கு நம்ம ஊர்ல எங்கய்யா இருக்கு?”

“மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அவரு எங்க இருப்பாரு?”

நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணாந்த கழுத்தோடு நெடுநேரம் சிந்தித்தார்கள்.

“நடு உச்சியில,” என்றார் குஞ்சிதபாதம். “முகத்துக்கு நேரே அவர் வரணும்னா ஒரே வழிதான். மல்லாந்து படுத்துப் பாடணும்.”

“‘கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும்,’” என்று அடுத்ததை வாசித்தார் வன்மீகம்.

“யார் கண் மட்டம்?”

இங்கேதான் சங்கடம் வந்தது. பிச்சாண்டியின் கண்ணுக்கு வைத்தால் வன்மீகத்தின் உச்சிக்கு மேலே போகிறது. வன்மீகத்தை நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றினார்கள். மரக்கால் உருண்டது, வன்மீகமும் உருண்டார். பிச்சாண்டியை முழங்கால் அளவு குழிக்குள் இறக்கினார்கள். இறங்கியவரை வெளியே எடுக்கவே பொழுது போயிற்று.

குழியோரம் மண் தட்டிக்கொண்டிருந்த தாயுமானவன் மெல்லச் சொன்னார். “படுத்துட்டா எல்லாரும் ஒரே உயரம்தானே, அண்ணே?”

குஞ்சிதபாதம் அவரைத் தழுவிக்கொண்டார். “பார்த்தீரா! முதல் குறிப்பை ரெண்டாம் குறிப்பு தாங்கி நிக்குது. இது மனுஷர் எழுதினது இல்லை ஓய்!”

“‘பின்னணியை மங்கலாக்கவும்.’”

“அதுக்குச் சாம்பிராணி இருக்கு,” என்றார் பிச்சாண்டி. அதில் விவாதமே எழவில்லை.

“‘பேச விரும்பினால் கையை உயர்த்தவும்.’ ‘பேசும்போது மட்டும் மைக்கைத் திறக்கவும், மற்ற நேரம் மூடி வைக்கவும்.’”

மைக்கின் பொத்தான் எது என்று குஞ்சிதபாதத்துக்குத் தெரியும். செவிலியாகப் பணி செய்யும் மருமகள் கைப்பேசியில் எல்லாவற்றையும் ஏற்றிவைத்து, “மாமா, சிவப்பாயிருந்தா மூடியிருக்குன்னு அர்த்தம்” என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் பணிக்குப் போயிருந்தாள். அவர் யோசித்தார்.

“நாம அன்னிக்குப் பேசப் போறோமா?”

“எங்க பேசப் போறோம்? பாடப் போறோம்.”

“பாட்டு பேச்சா?”

“சிவ சிவா! பதிகத்தைப் போய்ப் பேச்சுங்கிறீரே! கன்னத்துல போட்டுக்கும்!”

ஆகவே பாடும்போது மைக்கை மூடி வைப்பது என்றும், பாடி முடித்துப் பேசும்போது திறப்பது என்றும் ஒரு மனதாக முடிவாயிற்று.

கடைசிக் குறிப்பு: ‘பத்து நிமிடம் முன்னதாகவே காத்திருப்பு அறைக்கு வந்துவிடவும்.’

சித்திரை பத்தாம் நாள் வந்தது. குளக்கரைக்கு அப்பால் இருக்கும் ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில், டோலக்கும் ஆர்மோனியமுமாக, மணி பதினொன்று ஐம்பதுக்கு நால்வரும் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். கைப்பேசி கோயிலில் இருந்தது. அதையும் எடுத்து வரும்படி தாளில் எழுதவில்லை.

“இப்ப எந்த வண்டியும் இல்லையே?” என்றார் நிலைய அதிகாரி.

“நாங்க பினாங்குக்குக் காத்திருக்கோம்,” என்றார் குஞ்சிதபாதம்.

அதிகாரி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

பத்து நிமிடமும் குறைவின்றிக் காத்திருந்துவிட்டு, ஆர்மோனியத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். பிராகாரத்தின் கருங்கல் தளத்தில், ஒரு செங்கல்லில் சாய்த்துக் கைப்பேசி வைக்கப்பட்டிருந்தது. அதன் எதிரே படுக்கப் போன தாயுமானவன் திடீரென்று துள்ளி விலகினார்.

“அண்ணே! கேமரா கண் திறந்து பார்த்துக்கிட்டு இருக்கு. அதுக்கு நேர் குறுக்கேயா படுக்கிறது? சுவாமிக்கும் நந்திக்கும் நடுவுல நிப்போமா நாம?”

மூவரும் நடுங்கிப் போனார்கள். எவ்வளவு பெரிய அபசாரம் நேர இருந்தது! சந்நிதியில் நிற்பதுபோலவே இருவர் இந்தப் பக்கமும் இருவர் அந்தப் பக்கமுமாக, நடுவே பார்வைக்கு வழி விட்டு, மல்லாந்து படுத்தார்கள். சித்திரை மாதத்துக் கருங்கல். நண்பகல். நால்வர் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் இறைவன் திருநாமம் வெளிப்பட்டது.

பிச்சாண்டி தூபக்காலில் ஒரு படி சாம்பிராணியைக் கொட்டினார். குஞ்சிதபாதம் பக்கவாட்டில் கை நீட்டிக் கூட்டத்தில் சேர்ந்து, மைக் சிவப்பாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். பாடி முடித்ததும் பேச விரும்பியதால் நால்வரும் இடக்கையை உயர்த்தினார்கள். பின்பு பதிகம் எழுந்தது.

பினாங்கில் ஏழு பேர் அமர்ந்து இதைப் பார்த்தார்கள். திரையில் ஆள் எவரும் இல்லை. திரண்டெழும் புகை, அந்தப் புகைக்குள் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று உயர்ந்து நிற்கும் நான்கு கைகள், சிறு ஒலியும் இல்லை.

“ஐயா, சத்தம் வரலீங்க! மைக்கைத் திறங்க லா!” என்று சௌந்தரவல்லி அம்மையார் பினாங்குப் பேச்சில் மன்றாடினார். பாட்டின் முழக்கத்தில் அது யார் காதிலும் விழவில்லை. முதுகு கொதிக்கக் கொதிக்க, குஞ்சிதபாதத்தின் குரல் நாற்பது ஆண்டுகளாக எட்டாத உச்சத்தை அன்று எட்டியது. கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி அமர்ந்தன. கேட்டவை அவை மட்டுமே.

பாடி முடித்தார்கள். “இனிப் பேச்சு,” என்று குஞ்சிதபாதம் மைக்கைத் திறந்தார். பினாங்குக்கு முதல் ஒலி போயிற்று.

“ஐயோ, முதுகு!”

“உமக்கு முதுகு மட்டும்தான் போச்சு. யோவ் வன்மீகம், என் மூக்குல ஏன்யா தாளம் போட்டீர்?” என்றார் பிச்சாண்டி.

“ஒரு கை மேல நிக்குது. மிச்சம் ஒரு கைதானே? ஒத்தைத் தாளத்தை எதுமேல தட்டுறது? உம்ம மூக்குதான் வாட்டமா இருந்துது.”

“பின்னணியை மங்க வைக்கச் சொன்னா முன்னணியும் மங்கிப் போச்சே!” என்று இருமினார் தாயுமானவன்.

“புகைக்கு முன்னே எது பின்னே எதுன்னு நான் எழுதியா கொடுக்க முடியும்?” என்று எழுந்து உட்கார்ந்தார் பிச்சாண்டி. அவர் முகம் திரையை முழுவதும் அடைத்தது. மூக்கு செக்கச் சிவந்திருந்தது.

“குறுக்கே வராதேயும்! படும் ஓய், படும்!” என்று மூவரும் அலறினார்கள்.

“கல்லு சுடுதய்யா!”

“சுட்டா என்ன? திருப்பிப் போட்டா அந்தப் பக்கமும் வேகும்!”

குஞ்சிதபாதம் ஓரமாக எட்டித் திரையைப் பார்த்தார். அங்கே ஏழு பேரும் மேசைமேல் தலை கவிழ்ந்திருந்தார்கள். தோள்கள் குலுங்கின. சௌந்தரவல்லி அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உருகிட்டாங்க,” என்றார் குஞ்சிதபாதம் மெல்ல. “ஏழு பேரும் அழறாங்க.”

எட்டாம் நாள் கடிதம் வந்தது. வன்மீகம் வாசித்தார். “‘பெருமதிப்புக்குரிய ஐயா, பதிகம் பாட வேறு ஒரு குழு தேர்வாகிவிட்டது.’”

குஞ்சிதபாதம் மாடத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, அதன் சந்தனப் பொட்டை விரலால் மெல்லத் துடைக்கத் தொடங்கினார். மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

“பொறும், அண்ணே. இன்னும் இருக்கு. ‘ஆயினும் விழாவின் மூன்றாம் நாள் மாலை, அன்று எங்கள் முன் செய்ததை ஓர் அசைவும் மாறாமல் அப்படியே அரங்கில் செய்து காட்ட, நீங்கள் நால்வரும் அவசியம் வர வேண்டும்.’”

“அன்னிக்கு நாம என்ன செஞ்சோம்?”

“பாடினோம்.”

“அதைத்தான் அப்படியே செய்யச் சொல்றாங்க.”

“அப்ப முதல் வரி?”

வன்மீகம் அறிஞருக்குரிய நிதானத்தோடு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முதல் வரி வேற யாருக்கோ எழுதினது. தவறி நம்ம கடிதத்துல வந்து விழுந்துடுச்சு.”

குஞ்சிதபாதம் பாஸ்போர்ட்டுக்குப் புதிதாகப் பொட்டு வைத்தார். இம்முறை சந்தனத்தோடு குங்குமமும்.

பினாங்கு அரங்கில் ஆயிரம் பேர். மேடை விளக்குகள் தலைக்கு மேலே எரிந்ததால் மல்லாந்து படுப்பதில் சாத்திரக் குற்றம் ஏதும் இல்லை. சுடுகல் வேண்டும் என்று வன்மீகம் வற்புறுத்தினார். சௌந்தரவல்லி அம்மையார் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். நடுவே வழி விட்டுப் படுத்தார்கள். புகை எழுந்தது. நான்கு கைகள் எழுந்தன. அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குஞ்சிதபாதம் மேடை மைக்கைக் கவனமாக மூடிவிட்டுப் பதிகத்தை எடுத்தார்.

இம்முறை நடுவில் கடலும் இல்லை, கைப்பேசியும் இல்லை. வெறும் குரல் எழுந்து, கடைசி வரிசையின் பின்சுவரைத் தொட்டுத் திரும்பியது. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை மடியில் வைத்தார்கள். பாட்டு முடிந்தபோது ஆயிரம் பேரிடத்தில் மூச்சு ஒலி கூட இல்லை.

வன்மீகம் சினத்தோடு எழுந்து, மைக்கைத் திறந்து, கடிதத்தை உயர்த்திக் காட்டினார்.

“அன்னிக்கு ஏழு பேரும் தோள் குலுங்கினீங்களே! ‘ஓர் அசைவும் மாறாமல்’னு நீங்கதானே எழுதினீங்க? நாங்க மாறினோமா? நீங்க மாறலாமா? குலுங்குங்கய்யா!”

குலுங்கினார்கள். கூரையின் தகடும் சேர்ந்து குலுங்கியது. “இப்பதான் சரி,” என்று வன்மீகம் அமர்ந்தார்.

சௌந்தரவல்லி அம்மையார் மேடைக்கு வந்து குஞ்சிதபாதத்தை வணங்கினார். “என்னா குரல் ஐயா! மைக் மூடியிருந்தும் கடைசி ஆள் வரைக்கும் கேட்டுச்சு.”

“மூடியிருந்துமா?”

“ஆமாங்க. மூடித்தான் இருந்துச்சு.”

நால்வரும் அந்த மைக்கைச் சுற்றி நின்று வாய் பிளந்து பார்த்தார்கள்.

“நம்ம ஊர் மைக்கைத் திறந்து வச்சாலே பாதி நாள் கேக்காது,” என்றார் பிச்சாண்டி. “மூடினாலும் ஊருக்கே கேக்குதுன்னா இது எப்பேர்ப்பட்ட மைக்!”

சால்வை வேண்டாம், மாலை வேண்டாம், அதைத்தான் கேட்டார்கள். விழாக் குழுவினரும் தோள் குலுங்கிக்கொண்டே கொடுத்தனுப்பினார்கள்.

இன்றும் வெள்ளிக்கிழமை மாலையில் திருமுல்லையோடைக் கோயிலுக்குப் போனால் காணலாம். விரித்த மஞ்சள் துணியின்மேல் அந்த மைக் நிற்கிறது. எதனோடும் இணைக்கவில்லை, இணைத்தால் திறந்துகொள்ளுமோ என்ற அச்சம். அதன் முன்னே குஞ்சிதபாதம் பினாங்குக்காரர்களுக்காகப் பதிகம் பாடுகிறார். பாடி முடித்ததும் நால்வரும் கிழக்கு நோக்கி இடக்கையை உயர்த்தி, அங்கே ஆயிரம் பேரும் குலுங்கி ஓயும் வரைக்கும் கால் மணி நேரம் காத்திருக்கிறார்கள். பிறகு குஞ்சிதபாதம், “போதும் போதும், உக்காருங்க” என்று கடல் இருக்கும் திசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மைக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடுகிறார்.

இக்காதையைப் படித்தோரும், படிக்கக் கேட்டோரும், பக்கத்து அறையிலிருந்து பாதி மட்டும் கேட்டோரும், வாய் திறக்கும்போது குரலும், முகம் காட்டும்போது ஒளியும், கை உயர்த்தும்போது அழைப்பும் பெற்று, முதுகு சுடாமல் நீடு வாழ்க!