பூவணன் பல்லும் நான்கு வாக்குறுதிகளும்

மேடை ஏறுகிறவன் எதிரே நிற்கும் முகத்தைப் பார்த்துக் கொள்கையை மாற்றுவது இன்று நேற்று வந்த வியாதியல்ல. மாறவேள் மன்னன் ஆண்ட நெடுங்காவூரிலேயே அது இருந்தது. மருந்தும் அங்கேயே கிடைத்தது. கேளுங்கள்.

அந்த ஊரில் மருத்துவ அதிகாரியை மக்களே குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். போட்டியிடுகிறவன் தெருத்தெருவாகப் போய், அந்தத் தெருக்காரர் கொடுக்கும் வெற்றிலையை மென்று வாக்குக் கொடுக்க வேண்டும். மென்றபின் வாக்கு மாறக்கூடாது. அது ஊருக்குப் பொருந்துவது பதவி ஏற்ற பிறகு. மென்றவனுக்கோ மென்ற நொடியிலேயே பொருந்தும். இதுதான் வழக்கம்.

பூவணன் என்றொரு பெரிய மனிதர் போட்டியிட்டார். வெற்றிலைக்கு அவர் அஞ்சவே இல்லை.

குயவர் தெருவில் மென்றுகொண்டே, "மருத்துவச்சாலையில் எல்லோருக்கும் ஒரே வரிசை! பெரியவன், சின்னவன் கிடையாது!" என்றார். வைத்தியர் தெருவில், "கேட்ட கூலியைக் கையில் வாங்காமல் யாருக்கும் நாடி பிடிக்க வேண்டாம்!" என்றார். சோதிடர் தெருவில், "நல்ல நேரம் பார்க்காமல் நோயாளியைத் தொடக்கூடாது!" வணிகர் தெருவில் குரலைத் தாழ்த்தி, "மருத்துவச்சாலைக்காக இனி நீங்கள் வரி கட்ட வேண்டாம். இழுத்து மூடி மிளகுக் கிடங்காக்கிவிடலாம்" என்றார்.

நான்கு தெருவிலும் மாலை விழுந்தது. ஒரு தெருக்காரன் அடுத்த தெருவை எட்டிப் பார்த்தால்தானே!

மருத்துவச்சாலையை நடத்திவந்த அழகம்மைதான் அரண்மனைக்கு ஓடிவந்தாள். அவளும் போட்டியில் இருந்தாள். ஆனால் நோயாளிகளை விட்டுவிட்டுத் தெருத்தெருவாகச் சுற்ற அவளுக்கு நேரமில்லை.

"மன்னா, நாற்பது பேர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள். மிளகு மூட்டை வந்தால் அவர்களை எங்கே தூக்கிக்கொண்டு போவேன்? நாளைக்குக் குடம் வைக்கிறார்கள்!"

மன்னன் அவைப்புலவன் சேந்தனைப் பார்த்தான். "சேந்தா, இன்று மாலைக்குள் பூவணன் வாயிலிருந்து ஒரே ஒரு கொள்கை வர வேண்டும். ஊரார் நடுவே, மனதாரச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளை முதல் உனக்கு இந்த அவையில் இடமில்லை."

"அதற்கென்ன மன்னா, ஒரு கொட்டைப்பாக்குப் போதும்."

"பாக்கா?"

"அவர் நான்கு தெருவிலும் இடது பக்கமே மென்றார். வலது கடைவாய்ப் பல் சரியில்லை போலிருக்கிறது."

அன்று பிற்பகல் சந்தைத் திடலில் பூவணனுக்கு ஊர்ப் பொது வெற்றிலையைக் கொடுத்தவன் சேந்தன்தான். "ஐயா, பொது வெற்றிலையை இரண்டு பக்கமும் மென்றால்தான் ஊரின் இரண்டு பக்கமும் நம்பும்" என்றான். உள்ளே சீவாத முழுப்பாக்கு.

கடக்!

"ஐயய்யோ!"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பூவணன் மருத்துவச்சாலைக்கு ஓடினார். திடலே பின்னால் ஓடியது. வாசலில் பதினேழு பேர் நின்றார்கள்.

"தள்ளுங்கள்! நான் பூவணன்!"

"தெரியும் சாமி" என்றாள் ஒரு குயவர் வீட்டுப் பெண். "ஒரே வரிசை என்று எங்கள் வெற்றிலையைத்தானே மென்றீர்கள்? பின்னால் போய் நில்லுங்கள்."

வைத்தியர் தெருவுக்கு ஓடினார். மூத்த வைத்தியர் அவருடைய வாயைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார். "ஆறு மோதிரம். கழற்றும்." கழற்றினார். வைத்தியர் இடுக்கியை எடுத்த நேரத்தில், கூட்டத்தோடு ஓடிவந்த சோதிடர் ஒருவர் குறுக்கே பாய்ந்தார். "தொடாதே! நாளை மறுநாள் காலைதான் நல்ல நேரம். இவரே கொடுத்த வாக்கு!"

"நாளை மறுநாளா? அதுவரை நான் இருக்க மாட்டேனய்யா!"

மறுபடி மருத்துவச்சாலை. இப்போது வரிசையைக் காணோம். பதினேழு பேரையும் அழகம்மை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தாள். வாசலில் ஒரு மிளகு மூட்டை. அதன்மேல் சேந்தன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கதவைத் திறக்கச் சொல்லடா பாவி!"

"மூடியாயிற்று ஐயா. உம்மைப் பொறுத்தவரை இது கிடங்கு. மிளகு வேண்டுமானால் தரட்டுமா? கடித்துக்கொள்ளலாம்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பூவணன் மண்ணில் உட்கார்ந்து அலறினார். "வலிக்கிறவனுக்கு முதலில் வைத்தியம் பாருங்களடா! அவன் யாராயிருந்தால் என்ன? கூலி என்ன கூலி, நேரம் என்ன நேரம்! செலவைக் கஜானாவில் எடுத்துக்கொள்ளுங்கள்! கதவை மட்டும் மூடாதீர்கள், ஐயோ, எந்நாளும் மூடாதீர்கள்!"

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மன்னன் கையைத் தட்டினான். "எழுதுங்கள் ஓலையில், ஒரு சொல் விடாமல்! இன்றிலிருந்து இதுதான் சட்டம்."

கதவு திறந்தது. அழகம்மை ஒரே இழுப்பில் பல்லைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மறுநாள் குடத்தைக் கவிழ்த்தால் அத்தனை ஓலையிலும் அழகம்மை பெயர். வீங்கிய கன்னத்தோடு பூவணன் அவைக்கு வந்து சண்டைக்கு நின்றார்.

"மன்னா, இது அநியாயம்! சட்டம் என் வாயிலிருந்து வந்தது. பதவி மட்டும் அவளுக்கா?"

மன்னன் சேந்தனைத் திரும்பிப் பார்த்தான்.

"நியாயமான கேள்விதான்" என்றான் சேந்தன். "ஆனால் ஐயா, உம் வாயிலிருந்து ஓர் உண்மை வருவதற்கு ஒரு பல் போக வேண்டியிருக்கிறது. மிச்சம் இருப்பது முப்பத்தொன்று. இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது எப்படிப் போதும்?"