தர்பூசணியில் ஒரு முக்கோணம்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஓணாண்டி சாமி என்று ஒரு குரு இருந்தார். தியானத்தில் உட்கார்ந்தால் அசையமாட்டார். ஒருமுறை ஓணான் ஒன்று அவர் தலைமேல் ஏறி மூன்று நாள் வெயில் காய்ந்துவிட்டு, இடம் தோதாக இருக்கிறதென்று குடும்பத்தைக் கூட்டிவரப் போனதாம். பெயர் வந்த கதை அதுதான்.

அவருடைய சீடர் தணிகாசலம் குருவைவிட இரண்டு வயது மூத்தவர். அறுபத்தேழு. கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது அவரால். தியானத்தின் நடுவே எழுந்து கொல்லைப்பக்கம் போன தூரத்தையெல்லாம் கூட்டினால் காசிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம்.

அன்று காலை தணிகாசலம் வந்து காலில் விழுந்தார்.

"சாமி, திருநீறு கொடுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க. நான் போகப் போறதில்லை."

"என்னவாம்?"

"பிராஸ்டேட் சுரப்பி பெருத்திருக்காம். ரத்தத்துல அது சுரக்கிற பொருளோட அளவும் கூடியிருக்காம். வயசானா வர்ற சாதாரண வீக்கமா, புற்றுநோயான்னு தெரியலையாம். ஊசி விட்டுச் சதை கிள்ளிப் பார்க்கணுமாம். பார்க்க என்ன இருக்கு? இவ்வளவு பெருத்தா அது புற்றேதான். வீட்டுல பாத்திரம் பண்டமெல்லாம் பங்கு பிரிச்சிட்டேன்."

"கிரைண்டர் யாருக்கு?"

"சின்ன மருமகளுக்கு."

சாமி திருநீற்றுத் தட்டைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தணிகாசலத்தைச் சாலைக்குக் கூட்டிப் போனார்.

சாலையோரம் பழக்காரி செவந்தி தர்பூசணி குவித்து விற்றுக்கொண்டிருந்தாள்.

"தணிகாசலம், இதுல அழுகின பழம் எது? பார்த்துச் சொல்லு," என்றார் சாமி.

இருப்பதிலேயே பெரியதாக, கோணல்மாணலாக ஒன்று கிடந்தது. "இதுதான் சாமி. பார்த்தாலே தெரியுதே." பிறகு சின்னதாய், வழவழவென்று இருந்த ஒன்றைத் தட்டினார். "இது தங்கம்."

செவந்தி இடுப்பில் கை வைத்தாள். "பெரியவரே, இருபது வருசமா விக்கிறேன். கீறாம எனக்கே தெரியாது. உங்க கண்ணுல என்ன எக்ஸ்ரேவா வெச்சிருக்கு?"

கத்தியால் முக்கோணமாகக் கீறி, துண்டை எடுத்துக் காட்டினாள். பெரிய பழம் ரத்தச் சிவப்பு. சின்னது உள்ளே கொழகொழவென்று நாறியது.

தணிகாசலம் துள்ளினார். "அப்போ பெருசா இருந்தா நல்லதுதான்! எனக்கு ஒண்ணுமில்லை!" மடத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்.

"நில்லுய்யா," என்றார் சாமி.

செவந்தி இன்னொரு பெரிய பழத்தைக் கீறினாள். ஓரமாகக் கொஞ்சம் கறுத்திருந்தது.

தணிகாசலம் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். "இதைத் தூக்கி எறிஞ்சிடுவியாம்மா?"

"ஏன் எறியணும்? இப்பத்தானே அழுகல் தொட்டிருக்கு. ஓரத்தை வெட்டிட்டா மீதி நல்லாத்தான் இருக்கு. கீறிப் பார்க்காம அடுக்கி வெச்சிருந்தாத்தான் மொத்தமும் போயிருக்கும்."

தணிகாசலம் அந்தக் கறுத்த ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பொறாமையோடு குருவைப் பார்த்தார்.

"உங்களுக்கென்ன சாமி. கல்லாட்டம் உட்காருறீங்க. ஒரு தொந்தரவும் இல்லை."

சாமி அந்தச் சின்ன வழவழப்பான பழத்தைக் கையில் எடுத்தார்.

"இதுவும் கல்லாட்டம்தான் உட்கார்ந்திருந்தது. நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ்?"

"ஆறு மணிக்கு."

"ரெண்டு சீட்டுப் பிடி. நானும் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு வர்றேன். ஜன்னலோரம் எனக்கு. நீ அடிக்கடி இறங்குற ஆளு."