கண்ணாடிக்குள் உப்பளம்

பள்ளித் தாளாளர் ஞானதுரை உப்பளச் சுற்றுலாவை நிறுத்திவிட்டு, உப்பளத்தைப் படமாகக் காட்டும் மெய்நிகர் கண்ணாடியை வாங்கிவந்தார். ஏழாம் வகுப்பே வாடிக் கிடந்தது. பெருக்க வந்த ஆயா மாரிக்கனிக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளைகள் நேர்ல பாக்கட்டுமே, ஐயா.”

“ஏளா, இதுல இல்லாதது அங்க என்ன இருக்கு? காட்டு, வண்டி விடுதேன். காட்டலேன்னா உனக்கு வேலை இல்ல.”

“அப்ப மாட்டுங்க. உப்புப் பாத்தியில செருப்போட இறங்கப்படாது, கழத்துங்க.”

வகுப்பே பார்க்கக் கண்ணாடியை மாட்டினார், செருப்பைக் கழற்றினார். கண் மறைந்த அவரைக் கைபிடித்து நடத்தி, உச்சிவெயில் காயும் சிமெண்டு முற்றத்தில் இறக்கினாள்.

“ஐயோ, கால் வேகுதே!”

“இது கண்ணாடிக்குள்ள உண்டுமா, ஐயா?”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதை அவர் மன்னிக்கவில்லை. சொன்னபடி வண்டியை விட்டார்; அவளையும் வேலையை விட்டு அனுப்பினார்.

பிள்ளைகள் உப்பளத்தில் இறங்கியபோது, வெறுங்காலோடு உப்பு வாரிக்கொண்டிருந்தாள் மாரிக்கனி.