ஆளில்லாத மேல்குளம்

மேல்குளத்து நத்தைகளுக்குத் தவளைகள் செய்தது பச்சை அநியாயம். நத்தைகள் காலங்காலமாகக் குடியிருந்த குளத்தை, ஆளே இல்லாத குளம் என்று சொல்லி எடுத்துக்கொண்டன.

தவளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு குளத்தைக் கண்டால் கரையில் நின்று மூன்று முறை கத்தும். பதில் வந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று பொருள். வராவிட்டால் குளம் தவளைகளுக்கு. கீழ்க்குளம் நாறிப்போனதால் மூட்டை கட்டாத குறையாகக் கிளம்பி வந்த கூட்டம், மேல்குளத்தங்கரையிலும் அப்படித்தான் கத்தியது. தெளிந்த தண்ணீர், இதமான வெயில், கொழுத்த கொசுக்கள். பதில்தான் இல்லை.

"வாழத் தகுந்த இடம். குதியுங்கள்!" என்றது தலைவன் மத்தளன்.

சுழலி என்ற நத்தை அப்போது அல்லி இலைக்கு அடியில் இருந்தது. அதன் முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருந்தன. இலைமேல் இரண்டு தவளைகள் தொப்பென்று விழ, முட்டைகள் குலுங்கின. சுழலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக மத்தளனிடம் ஊர்ந்தது.

"ஐயா, இது நாங்கள் இருக்கிற குளம்."

"மூன்று முறை கூப்பிட்டோமே, அப்போது எங்கே போனீர்கள்?"

"நான் ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டுவதற்குள் மூன்றாவதையும் கத்தி முடித்துவிட்டீர்கள். கத்தாதவர்கள் எல்லாம் இல்லாதவர்களா?"

"முறைப்படி கேட்டாயிற்று. போனால் போகிறது, அந்தச் சேற்று மூலையை வைத்துக்கொள்ளுங்கள்."

"எங்கள் குளத்தில் எங்களுக்கே இடமா? ரொம்பத் தாராள மனசு. அது சரி, உங்கள் குளம் என்ன ஆயிற்று?"

"பாசி மூடிவிட்டது. எங்கள் தலையெழுத்து."

"அங்கே நத்தைகள் கிடையாதா?"

"இருந்தார்கள். மந்தமான ஜனங்கள். இடத்தை அடைக்கிறார்களே என்று விரட்டிவிட்டோம்."

சுழலி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. சேற்று மூலையில் நத்தைகளைக் கூட்டி, "இனி யாரும் பாசியைத் தொடாதீர்கள். ஓட்டுக்குள் போய்ச் சும்மா இருங்கள்" என்றது.

"முட்டைகள், அக்கா? பாசி மூடினால் நம் குஞ்சுகளுக்கும்தானே மூச்சு முட்டும்?" என்று கேட்டது வெண்ணி என்ற இளம் நத்தை.

சுழலி அல்லி இலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "முட்டும். அதற்குள் அவர்கள் மூக்கு வேலை செய்தாக வேண்டும்."

சில நாட்களில் தண்ணீர் பச்சையாகத் திரண்டது. கொசுவுக்கு நாக்கை நீட்டிய தவளைகள் வாய் நிறையப் பாசியை இழுத்தன. ஒரு தவளை தயங்கித் தயங்கி, "தலைவரே, நம்ம ஊர் வாடை அடிக்குதே?" என்றது.

மத்தளன் முகர்ந்து பார்த்தது. உப்பியிருந்த தொண்டை சுருங்கிப்போனது. சேற்று மூலைக்கு வந்து, கத்தாமல், சுழலி தலையை நீட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"பாசியைத் தின்றுகொண்டிருந்தது நீங்கள்தானா?"

"நாங்கள்தான். அதனால்தான் இது உங்கள் கண்ணுக்கு வாழத் தகுந்த இடமாகத் தெரிந்தது."

"இப்போது என்ன செய்வது?"

"திரும்பிப் போங்கள். எங்களில் விருப்பப்பட்டவர்கள் கூட வருவார்கள். அவர்களை விரட்டாமல் இருங்கள், உங்கள் குளமும் தெளியும். விருந்தாளியாக எப்போது வேண்டுமானாலும் இங்கே வரலாம்."

தவளைகள் ஒத்துக்கொண்டன. நத்தைகள் அன்றே பாசியில் வாய் வைத்தன. வெயில் மறுபடி குளத்தின் அடிவரை இறங்கியது. அல்லி இலைக்கு அடியில் கடுகு போல ஒவ்வொரு குஞ்சாக வெளியே வந்தது. சுழலிக்கு வயிறு குளிர்ந்தது.

கிளம்பும் நேரத்தில் மத்தளனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"கரையில் உட்கார்ந்து மனிதர்கள் பேசியதைக் கேட்டேன். பூமி கெட்டுவிட்டதாம். தண்ணீர் இருக்கிற வேறு கோளைத் தேடிக் குடியேறப் போகிறார்களாம். அவ்வளவு படித்தவர்களே அதைச் செய்யும்போது, நாங்கள் செய்தால் மட்டும் தப்பா?"

சுழலி நிதானமாகத் தலையை முழுதும் வெளியே நீட்டிச் சொன்னது: "அவர்களுக்கும் இதே பதில்தான், ஐயா. இருக்கிற இடத்தைக் காப்பாற்றத் தெரியாதவருக்கு இன்னொரு இடம் கிடைத்தால், கெடுக்க இன்னொரு இடம் கிடைத்தது என்றுதான் அர்த்தம்."