ஆயிரத்தொம்பதாவது முத்து

அந்தக் காலத்துல பழமும் பேசும், அணிலும் பதில் சொல்லும். அப்பல்லாம் எந்த மாதுளம்பழத்தப் பிளந்தாலும் உள்ள சரியா ஆயிரத்தெட்டு முத்துதான். அதுங்களுக்கு அறை தடுத்துக் குடுக்குற கொத்தன் ஒரு அணில், பேரு சோணையன். ஆயிரத்தெட்டு அவனுக்கு ரொம்பத் தோதான எண்ணு. ரெண்டு அறை, மூணு அறை, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பதுன்னு எப்படித் தடுத்தாலும் அறைக்கு அறை சமமா வந்து உக்காரும். பொழுது சாஞ்சும் அறை இல்லாம நிக்கிற முத்தக் கீழ காத்திருக்குற கட்டெறும்பு தூக்கிட்டுப் போயிடலாம். அதான் அங்க சட்டம்.

ஒருநா ஏழு அறை தடுத்து முடிச்சு, இடுப்பப் புடிச்சுக்கிட்டு எறங்கினான் சோணையன்.

"அண்ணே, எனக்கு எடம்?"

காம்போரத்துல ஒரு பொடி முத்து. பிந்திப் பொறந்தது.

"யாராச்சும் கொஞ்சம் நெருக்கி உக்காருங்கப்பா."

"எங்க அறையில மட்டும் ஏன் ஒரு ஆளு கூட?"ன்னு அத்தனை முத்தும் கத்துச்சு. "சமமா இல்லாட்டி செவக்கவே மாட்டோம்."

சோணையன் சொவர இடிச்சான். எட்டு அறை வச்சான், பொடிசு வெளிய. ஒம்பது வச்சான், பொடிசு வெளிய. அஞ்சு வச்சதுக்கு நாலு பேரு வெளிய வந்து அவன் மொகத்தையே பாத்தாங்க. பதினொண்ணு வச்சா எட்டு பேரு. பதிமூணு வச்சாலும் அதே எட்டு பேரு, அதே மொறைப்பு. வால் நுனி வரைக்கும் வலி. எதுக்கும் மசியாத எண்ணு இதுன்னு அவனுக்கு அப்பதான் உறைச்சுது.

"மாப்ள, அத இப்படித் தள்ளிவிடு," ன்னுது கட்டெறும்பு. "மறுபடி ஆயிரத்தெட்டு. நீ போய்ப் படு, எனக்கும் கஞ்சி ஆச்சு."

சோணையன் பொடிசக் கையில எடுத்தான்.

"அண்ணே, ஒரே அறையாப் போட்டா?"

"நசுங்கிச் சாவீங்க."

"ஆளுக்கொரு அறை?"

"அப்புறம் சொவருதான் இருக்கும், பழம் எங்க இருக்கும்? அந்த ரெண்டு வழிய விட்டா ஒனக்கு மூணாவது கெடையாது."

பொடிசு கொஞ்சம் யோசிச்சுது. "கடைசி ஆளு நான்தான்னு யாருண்ணே சொன்னா? இந்தக் கோடியிலருந்து எண்ணுனா நான் மொத ஆளு."

அம்புட்டுதான். கத்துன முத்தெல்லாம் கப்புன்னு அடங்கிருச்சு. இந்தக் கோடியிலருந்து எண்ணுனா எறும்பு வாய்க்குப் போறது யாருன்னு ஒண்ண ஒண்ணு பாத்துக்குச்சு. வெக்கத்துல மொதல்ல ஒண்ணு செவந்துச்சு, அப்புறம் எல்லாம்.

சோணையனுக்குக் கண்ணு தானா சொருகுது. எண்ணவும் இல்ல, அளக்கவும் இல்ல. கைக்கு வந்த பக்கமெல்லாம் கோணல்மாணலா சொவர இழுத்துவிட்டு, பொடிச நடுவுல சொருகினான்.

"எத்தன மாப்ள மிச்சம்?"ன்னுது எறும்பு.

"நீயே எண்ணிக்க," ன்னுட்டு அப்படியே கெளையில சாஞ்சான்.

அன்னையிலருந்துதான் மாதுளம்பழத்துல ஒரு அறையில கூட்டம் பிதுங்குது, பக்கத்து அறையில நாலு பேரு கால நீட்டிக் கெடக்குறாங்க, உள்ள இருக்குற ஒருத்தரும் நாம எத்தனைன்னு எண்ணிப் பாக்குறதில்ல.