ஒச்சாயி சுமந்த மிதகல்

கொம்பனூர் ராஜாவுக்கு ஆகாயத்தில் மிதக்கிற நகரம் வேண்டுமாம். மிதகல்லால் கட்டியாயிற்று, தரையை விட்டு அசையவில்லை. பழி, கல் சுமந்த சித்தாள் ஒச்சாயி மேல் விழுந்தது.

“பொழுது சாய்வதற்குள் நகரம் பறக்கணும். இல்லாவிட்டால் உன் தலை பறக்கும்!” என்றார் ராஜா.

“ஆகட்டும் மகாராஜா. சபையோட உள்ளே உட்காருங்க. புலவர் உங்களைப் புகழ்ந்து பாடட்டும்.”

புலவர் “கருணைக் கடலே!” என்றதும் நகரம் பனைமர உயரம் எழும்பியது. “வீராதி வீரா!” என்றார்; கோபுரம் மேகத்தில் போய் இடித்தது.

ராஜா நடுங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். “அடியே, எப்படி இறங்குவது?”

“பொய் கேட்டா ஏறுற கல்லுங்க! மேஸ்திரி ‘இதுதான் கடைசி நடை’ன்னு சொல்லும்போதெல்லாம் என் தலையிலேயே லேசாகும். யாராவது ஒரு உண்மை சொன்னா இறங்கிடும்!” என்று கீழேயிருந்து கத்தினாள் ஒச்சாயி.

மந்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். “உண்மையைச் சொல்கிறேன். நம் மகாராஜாவுக்குப் பயமே கிடையாது!”

நகரம் கண்ணுக்கே மறைந்துவிட்டது.